மஞ்சக்காணி ஓரத்து வட்டம்

பழனிசெட்டிபட்டி
12.8.2003

களமாத்தான்யா இருக்கும். வேற என்னவா இருக்கப் போகுது, நீயே சொல்லு மருமகனே. நீ அனுப்புன படத்தக் கண்ணாடியப் போட்டும் பாத்தேன், கழட்டியும் பாத்தேன். கோம்பையில நம்ம காடு தெரியுது. வடக்க ஓடை தெரியுது. ஓடைக்கு இங்கிட்டு, எனக்குக் கல்யாணமானப்ப ஒங்க தாத்தா மஞ்சக்காணின்னு எம் பேருக்கு எழுதி வச்ச துண்டு நெலமும் தெரியுது. அதுக்கும் ஒங்கப்பன் காட்டுக்கும் நடுவுல இருக்கிற வரப்புல ஒரு வட்டம் போட்டுருக்கு. அது கெணறா, களமா, இல்ல சாமியான்னு கேட்டுருக்க.

சாமியா இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா. வருசந்தவறாம அம்புட்டு சாமிக்கும் பொங்க வைக்கிறவ நாந்தான். கெணறு அங்கன கெடையாது. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அது மொட்டத் தரை. சோளக்கதிர அங்கன போட்டுத்தான் அடிப்பாக. மாடு சுத்திச் சுத்தி வரும், நாங்க பின்னாலயே ஓடுவோம். அதனால களம்னே எழுதிக்க.

பாரு, நீ நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேக்காம வளவளன்னு எழுதிட்டேன். சாப்பாடு எப்பிடிய்யா, குளுரு எப்பிடி. இங்கன நானும் ஒங்க மாமாவும் சொகம். அவுக அரிசிக்கடையில ஒக்காந்து ஒக்காந்து இடுப்புப் பிடிச்சிருக்காக. எனக்கு முட்டி வலி. போன சனிக்கெழம குச்சனூர் போயி ஒம் பேருக்கு எள்ளு வெளக்கு போட்டேன்.

ஞாயித்துக்கெழம ஆனா கையில ஏதோ குச்சி மிசின வச்சுக்கிட்டுக் காட்டுல சுத்துறியாம்ல. ஒங்கப்பன் வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சான். "இங்கன மாடு மேய்க்க வாடான்னா வரமாட்டான்க்கா. பிளேன் ஏறிப் போயி அங்கன குச்சியோட காட்டுல நிக்கிறான்"னான்.

போன்ல பேசுனா பக்கத்துல நாலு பேரு நிப்பாக. நீ கடுதாசியே போடு.

கவுமாரி காப்பாத்துவா.
அத்தை பஞ்சம்மாள்

*

நார்விச், இங்கிலாந்து
30.8.2003

அன்புள்ள அத்தைக்கு,

விஜயகுமார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். மாமாவின் இடுப்பு வலிக்கு ஒரு பட்டை வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருவேன்.

அப்பா சிரித்ததில் தவறில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் நாங்கள் சும்மா சுற்றுவதில்லை. எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை செய்யும் டேவிட் தான் எனக்கு இதைப் பழக்கினார். மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு போவது கடைசி வேலை. முதல் வேலை பழைய வரைபடத்தோடு உட்காருவது. பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பழையதில் இருந்து புதியதில் காணாமல் போன இடம்தான் எங்களுக்கு வேண்டும். சந்தை கூடிய மேடு, ஆற்றில் வண்டி இறங்கிய துறை, மறைந்துபோன பாதை. ஆட்கள் கூடிய இடத்தில் ஏதாவது விழுந்திருக்கும். காசு, மோதிரம், சலங்கை.

நம் ஊருக்கும் அப்படி ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். லண்டனில் ஒரு நூலகத்தில் எண்பது வருடத்துக்கு முந்தைய வரைபடம் இருக்கிறது. நேரில் போக லீவு இல்லை. தபாலில் நகல் கேட்டு வாங்கினேன், நம் ஊர் உள்ள பகுதி மட்டும். உங்களுக்கு அனுப்பியது அதன் நகல்.

களம் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி. கதிரடிக்கிற இடத்தில் மடியில் இருந்து காசு விழாமல் இருக்காது என்று டேவிட் சொல்கிறார். டிசம்பர் கடைசியில் வருகிறேன். மிஷினையும் கொண்டு வருகிறேன். முதலில் அந்தக் களம், பிறகு உங்கள் வீட்டில் கறிக்குழம்பு.

உங்கள் ஆசியை வேண்டும்,
விஜயகுமார்

*

பழனிசெட்டிபட்டி
5.10.2003

மருமகன் விஜயகுமாருக்கு, ஒடம்பு தேறி, மனசு குளுந்து, போற எடமெல்லாம் பேரு வாங்கணும்னு அத்தை வேண்டிக்கிறேன். இங்கன மழை வந்தும் வராம போக்குக் காட்டுது.

வாய்யா. வந்து தேடு. ஆனா ஒண்ணு. மண்ணத் தோண்டுறதுக்கு முன்னாடி ஒரு சூடத்தப் பொருத்திக் கும்பிட்டுட்டுத் தோண்டு. பூமாதேவி பொம்பள. கேக்காம கைய வைக்கக் கூடாது.

ஒங்கப்பன் மொகமே சரியில்ல. மறுபடியும் போரு போட்டான், இதோட மூணாச்சு. மூணுலயும் பொகையாத்தான் வந்துச்சு, தண்ணி வரல. பக்கத்துக் காட்டுக்காரன் வாழைக்குத் தண்ணி பாச்சுறதப் பாத்துக்கிட்டு வரப்புல ஒக்காந்துருக்கான். "எங் காட்டுல மட்டும் ஏன்க்கா"ன்னு கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல. வீரபாண்டியில ஒனக்காகத் தீச்சட்டி எடுக்குறேன்டான்னேன்.

நீ பொங்கல் வரைக்கும் இருப்பியா. இருந்தா ஒங்கப்பனோட நீயும் சீரு கொண்டாந்து எறங்கணும். எனக்குக் கல்யாணமாகி இத்தன வருசத்துல பொறந்த வீட்டுச் சீரு ஒரு பொங்கலுக்கும் நின்னதில்ல. ஒங்க தாத்தாவுக்கு அப்பறம் அவந்தான். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சக்கொத்து, கரும்பு. தோள்ல தூக்கிக்கிட்டு வருவான். போன வருசம் பஸ்ஸுல கரும்ப ஏத்தக் கூடாதுன்னு கண்டக்டரு மல்லுக்கு நின்னாராம். இவன், "கரும்புக்கும் ஒரு டிக்கெட்டு குடுங்க. எங்கக்கா வீட்டுக்குப் போகுது"ன்னுருக்கான். பஸ்ஸே சிரிச்சிருக்கு. அக்கா அக்கான்னு உசுர விடுறவன்யா ஒங்கப்பன். பொறந்ததுல இருந்து எங்க ஆத்தா இடுப்புல இருந்தத விட எம் இடுப்புல இருந்தது சாஸ்தி.

வெரசா வந்து சேரு.
அத்தை

*

கோம்பை
4.1.2004

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தைக் கோம்பையில் இருந்தே எழுதுகிறேன். உங்கள் எல்லோருடைய நலத்தையும் வேண்டுகிறேன்.

நேற்றுக் களத்தில் தேடினோம். மிஷினை எடுத்ததும் ஊரே வந்துவிட்டது. டீக்கடை ராக்கப்பன், "என்ன மாப்ள, சீமையில போயிப் படிச்சது காட்டுல ஆணி பொறுக்கவா" என்றார். சொல்லி வைத்ததுபோல் முதலில் ஆணிதான் வந்தது. அப்புறம் ஒரு மாட்டு லாடம். அதற்கு அவர், "மாட்டக் காணோம், லாடத்த மட்டும் கண்டுபிடிச்சுட்டாரு" என்றார். ஒரு ஓட்டைக் காலணா கிடைத்தது. அப்பா அதை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து நாளாகிறது.

பிறகு உங்கள் மஞ்சக்காணி வரப்பு ஓரமாக மிஷின் பலமாகக் கத்தியது. முழங்கை ஆழம் தோண்டினேன். ஒரு செப்புத் தகடு. அதில் கட்டம் கீறி இருந்தது. நாலு பக்கமும் நாலு இரும்பு ஆணி.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ராக்கப்பனும்தான். அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. துண்டை விரித்து, மண்வெட்டியால் அதில் தள்ளி, முடிந்து எடுத்துக்கொண்டு போனார். யாரிடமோ காட்டிவிட்டு இன்று வந்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நீங்கள் சொன்ன சூடத்தைப் பொருத்த மறந்துவிட்டேன்.

லீவைக் குறைத்துவிட்டார்கள், நாளை மறுநாள் கிளம்புகிறேன். இந்த முறை உங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. மாமாவின் இடுப்புப் பட்டையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஜயகுமார்

*

பழனிசெட்டிபட்டி
28.1.2004

மருமகனுக்கு, நீ பத்தரமா ஊரு போயிச் சேந்துருப்ப. பட்டை வந்துச்சு. ஒங்க மாமா கட்டிக்கிட்டு நிமுந்து ஒக்காந்துருக்காக.

பொங்கலு வந்துட்டுப் போயிருச்சு. வாசத்தெளிச்சு, பெரிய கோலமாப் போட்டு, அடுப்புக்குக் கல்லுக் கூட்டி வச்சிருந்தேன். பானை வைக்கிற எடத்த மட்டும் காலியா விட்டுருந்தேன், வருசா வருசம் அவன் கொண்டாற பானையிலதான வைக்கிறது. ஒம்போது மணி பஸ்ஸு போச்சு. பத்தர பஸ்ஸு போச்சு. ஒங்க மாமா எந்திரிச்சுப் போயி, கடையில ஒரு பானைய வாங்கிக்கிட்டு வந்தாக. அதுல வச்சேன். பொங்கி வழிஞ்சப்ப கொலவை போடணும்ல. எனக்குக் கொலவை வரல.

பஸ்ஸுல கூட்டமா இருந்துருக்கும். இல்ல, போரு விசயமா எங்கிட்டாச்சும் அலைஞ்சிருப்பான். நான் தப்பா நெனைக்கல.

நீ ஊருக்குப் போறப்ப தேனி பஸ்ஸ்டாண்டுல நின்னியாமே, நம்ம கடைக்கு மூட்டை எறக்குற பேச்சிமுத்து பாத்துட்டு வந்து சொன்னான். கோம்பையில இருந்து வர்ற பஸ்ஸு நம்ம வீட்டத் தாண்டித்தான்யா தேனிக்குப் போகணும். சன்னல் பக்கம் ஒக்காந்துருந்தா எங் கோலங்கூடத் தெரிஞ்சிருக்கும்.

சரி, அவசரம் இருந்துருக்கும். கறிக்குழம்பு எங்க போயிரப் போகுது.

ஒடம்பப் பாத்துக்க.
அத்தை

*

பழனிசெட்டிபட்டி
22.3.2004

விஜயகுமாருக்கு அத்தை எழுதுறது. நீ சொகமா இருக்கணும். போன கடுதாசிக்கு நீ பதில் போடல. இப்ப ஏன்னு தெரிஞ்சு போச்சு.

போன வாரம் கோம்பைக்குப் போனேன். மந்தையில எறங்குனதும் ஒங்க தெரு மொக்கம்மா என்னய ஓரமா இழுத்துக்கிட்டுப் போனா. "ஒனக்குத் தெரியாதா? ஒந் தம்பி காட்டுல செய்வினைத் தகடு எடுத்தாகள்ல. கோடாங்கிகிட்டக் கொண்டு போனாக. அவரு உடுக்கைய அடிச்சுட்டு, இது வெளி ஆளு வேலை இல்ல, கூடப் பொறந்த பொம்பள கைன்னு சொல்லிட்டாரு. தகட்ட ஆத்துல விட்டாச்சு"ன்னா.

ஒங்கப்பனோட கூடப் பொறந்த பொம்பள நான் ஒருத்திதான்யா.

நேரா வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னுக்கிட்டு, "வெயிலுல வந்துருக்கேன், தண்ணி குடுறா"ன்னேன். ஒங்கம்மா அய்யம்மா செம்ப எடுத்தா. அவன், "கீழ வையி"ன்னான். அவ வச்சுட்டா.

"ஏலே, நான் ஒனக்குத் தகடு வப்பனா?"

"நான் சொல்லலக்கா. கோடாங்கி சொன்னாரு."

"கோடாங்கிக்கு என்னயத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா?"

"ஒன் மஞ்சக்காணி ஓரத்துலதான கெடந்துச்சு. மூணு போரு போட்டேன். தென்னை காஞ்சு நிக்குது. எங் காட்டுல மட்டும் ஏன்?"

"சரி, வீரபாண்டிக்கு வா. ஆத்தா முன்னாடி உள்ளங்கையில சூடத்த அணைச்சு சத்தியம் பண்றேன். நீ பாத்துக்கிட்டு நில்லு."

"செய்யிறவுகதான் மொதல்ல சத்தியத்துக்கு வருவாக"ன்னான்.

அதச் சொல்லிட்டு அவனே மொகத்தத் திருப்பிக்கிட்டான். கதவச் சாத்தல. முதுகக் காட்டிக்கிட்டு நின்னான். அந்த முதுகுல சின்னதுல கட்டி வந்து, நாந்தான் மஞ்சள அரைச்சுப் பத்துப் போட்டேன். தழும்பு இன்னும் இருக்கு. அதப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

படிச்ச பிள்ளை நீ. நீ சொன்னாக் கேப்பான். சொல்லுய்யா.

அத்தை

*

நார்விச்
20.4.2004

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்குக் கோடாங்கி சொல்வதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அம்மா அழுதார்கள். இங்கே இருந்துகொண்டு இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் போனால் எல்லாம் சரியாகிவிடும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மிஷினை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தூங்குகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

விஜயகுமார்

*

பழனிசெட்டிபட்டி
20.5.2004

மருமகனுக்கு, ஆத்தா அருளால நீ நல்லாருப்ப. எழுத்து கோணமாணையா இருந்தா வையாத. வலது கையில கொப்புளம். கொழம்புச் சட்டிய எறக்குறப்ப துணி நழுவிருச்சு. நாலு வருசம் பள்ளிக்கூடம் போனவ எழுத்து, கை நல்லாருந்தாலே அப்பிடித்தான இருக்கும்.

வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தேன். ஆத்துல கால வைக்க எடமில்ல, அம்புட்டுக் கூட்டம். ராட்டினமும் பஞ்சுமுட்டாயும் ஒரு பக்கம், ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியுமா ஒரு பக்கம். ஒங்க மாமா கடைய விட்டுட்டு வர முடியாதுன்னுட்டாக. தனியாத்தான் போனேன். கூட்டத்துல மொக்கம்மாவப் பாத்தேன். சன்னதி வரைக்கும் எம் பின்னாடியே வந்தா. ஆத்தாகிட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. அதுக்கு மேல அவ பாடு.

ஒங்கப்பன் வருவான்னு கொடிமரத்துக்கிட்டக் கொஞ்ச நேரம் நின்னேன். வெயிலு சாஞ்சதும் வந்துட்டேன்.

கொழம்பச் சட்டியோட கீழ போட்டுட்டேன்னு ஒங்க மாமா வையல. என்ன கொழம்புன்னு கூடக் கேக்கல. வெண்ணெயத் தடவி விட்டாக.

வேளாவேளைக்குச் சாப்புடு.
அத்தை

*

பழனிசெட்டிபட்டி
2.9.2004

மருமகனே, நல்லாருக்கியாய்யா. ரொம்ப நாளாச்சு ஒனக்கு எழுதி. ஒரு சமாசாரம், யாருகிட்டயாவது சொல்லணும் போல இருக்கு.

செவ்வாக்கெழம மத்தியானம் வாசல்ல நெழலாடுச்சு. எட்டிப் பாத்தா ஒங்கப்பன். கண்ணு உள்ள போயி, சட்டை தொளதொளன்னு தொங்குது. தேனி ஆசுபத்திரிக்கு வந்தானாம், நெஞ்சுல ஏதோ அமுக்குதுன்னு. மாத்திரை குடுத்து அனுப்பியிருக்காக. போற பஸ்ஸ விட்டுட்டு இங்கன எறங்கியிருக்கான்.

உள்ள வாடான்னேன். வரல. நெலைய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, "தண்ணி குடுக்கா"ன்னான்.

குடுத்தேன். தகடு வச்சவுக வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதும்பாக, ஒனக்கும் தெரியும். அவன் செம்ப அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சான். செம்பத் திருப்பிக் குடுக்குறப்ப எங் கைய மலத்திப் பாத்தான். காஞ்சு போயி, உள்ளங்கையில தோலு வெள்ளையா நிக்குது.

"மொக்கம்மா சொன்னா"ன்னான்.

நான் கைய இழுத்துக்கிட்டேன். "கொழம்பு தாளிச்சிருக்கேன், சாப்புட்டுப் போடா"ன்னேன். "பொங்கலுக்கு வாரேன்"ன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

அம்புட்டுத்தான். அவன் மனசு மாறிருச்சா, இல்ல தாகத்துக்குக் குடிச்சானான்னு நானும் போட்டு உருட்டிக்கிட்டே இருக்கேன். வாயத் தொறந்து கேட்டுருக்கலாம். பொங்கலுக்குத்தான் வாரானே, அப்பக் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

அத்தை

*

நார்விச்
28.11.2004

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா காரியம் முடிந்து இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவை அடிக்கடி போய்ப் பார்க்கிறீர்கள் என்று பவானி அக்கா எழுதியிருந்தார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீங்கள் மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் வந்து உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கோடாங்கி சொன்னது கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்பா என் முன்னால்தான் அம்மாவிடம் சொன்னார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நம்பியதால் இல்லை. தகட்டை எடுத்தது நான், வீட்டில் பேச்சு நின்றது என்னால், சீக்கிரம் கிளம்பிவிட்டால் போதும் என்று இருந்தது. பஸ் உங்கள் தெருவைத் தாண்டும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் போனில் பேசியதாக எழுதினேனே, அதுவும் பாதிதான். "அத்தையைப் பற்றி" என்று ஆரம்பித்தேன். அவர் மழையைப் பற்றிக் கேட்டார். நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

இன்னொன்று. போன வாரம் லண்டன் போய் அந்த வரைபடத்தின் அசலைப் பார்த்தேன். அசல் பல நிறத்தில் இருக்கிறது. எனக்கு வந்த நகலில் எல்லாமே கறுப்பு. நம் வரப்பில் உள்ள வட்டம் அசலில் நீலம். ஓரத்தில் குறிப்பும் இருக்கிறது, நகல் எடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நீல வட்டம் என்றால் கிணறு. களத்தை அவர்கள் குறிப்பதே இல்லை.

அத்தை, தகடு கிடைத்தது அந்த வட்டத்தின் நடுவில். அங்கே கிணறு இருந்ததா? கிணற்றுக்கும் தகட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? அப்பா இல்லாதபோது இதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பொங்கலுக்கு நான் வருகிறேன். சீரை நான் தூக்கி வருவேன்.

விஜயகுமார்

*

பழனிசெட்டிபட்டி
15.12.2004

மருமகன் விஜயகுமாருக்கு, அத்தையும் மாமாவும் இருக்கோம்யா, கொறையில்லாம இருக்கோம். ஆத்தாளப் பாக்கணும்னு பவானி சின்னமனூர்ல இருந்து வந்துருக்கா. ஒரு வாரம் இருப்பா. அவ மக கயலு இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சு, எங்கூட்டுப் பாத்திரத்த எல்லாம் தெருவுல கொண்டு போயிப் போடுறா. வீடு வீடு மாதிரி இருக்கு.

ஒங் கடுதாசியப் பவானிய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பஸ்ஸு விசயத்தப் படிக்கிறப்ப அவ கடுதாசியக் கீழ வச்சுட்டா. விடுய்யா. நீ எறங்கியிருந்தா நான் கறிக்குழம்பு வச்சிருப்பேன், நீ சாப்புட்டுட்டு ஒண்ணும் சொல்லாமத்தான் போயிருப்ப. நம்ம வீட்டு ஆளுக எல்லாம் அப்பிடித்தான். ஒங்கப்பனும் தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாமப் போனான். வாய்க்கரிசி போடுறப்ப அவன் காதுகிட்டக் குனிஞ்சு, "ஏலே, நீ எத நெனச்சுட்டுத் தண்ணி குடிச்ச"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்தவுக, பாவம் அக்காகாரி பெனாத்துறான்னு பிடிச்சு ஒக்கார வச்சாக.

கெணத்தப் பத்திக் கேட்டுருக்க. எனக்குத் தெரிஞ்சு அங்கன கெணறு இல்லய்யா. மொக்கம்மாகிட்டயும் கேட்டேன். அவ கோம்பைக்கு வாக்கப்பட்டு வந்ததே எனக்குக் கல்யாணம் ஆன பெறகு, அவளுக்கு என்ன தெரியும். வெள்ளக்காரன் பெரியவன்தான், ஆனாலும் மை மாறி ஊத்தியிருப்பான்.

சீரு கொண்டாரேன்னு எழுதியிருக்க. மறந்துட்டியா. ஒங்கப்பனுக்கு வருசம் திரும்புற வரைக்கும் நம்ம வீட்டுல பொங்கலு கெடையாது. சீரு எடுத்துக் குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பொங்கலுக்கு வாரேன்னு அவன் சொன்னான்ல, அந்தப் பொங்கலே இல்லாமப் போச்சு. நீ வெறுங்கையோட வா. வந்து கறிக்குழம்பச் சாப்புடு.

சாமி தொண இருக்கட்டும்.
அத்தை பஞ்சம்மாள்

முடிச்சு மடிச்சும் வச்சுட்டேன், பிரிச்சு எழுதுறேன். பக்கத்து வீட்டுல கட்டட வேலைக்குத் தெருவுல மண்ணக் கொட்டியிருக்காக. அதுல போயி ஒக்காந்துருந்த கயலத் தூக்கி இடுப்புல வச்சேன். அவ சரிஞ்சு, நான் பிடிக்கிறதுக்குள்ள குனிஞ்சு ஒரு கை மண்ண அள்ளி விசிறுறா. பிள்ளை சரியிற அந்தக் கனம் இடுப்புல ஏறுச்சு பாரு. இத்தன வருசமா மறந்து கெடந்தது அப்பிடியே நெனவுக்கு வந்துருச்சுய்யா.

கெணறு இருந்துச்சு. எங்க சித்தி சங்கிலியம்மா அதுல விழுந்து செத்துப் போச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். அதுக்கப்பறம் அத மூடிட்டாக, முக்கால் கெணறு தண்ணி நிக்க நிக்க மூடுனாக. வீட்டுல கெணறுங்கிற பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாக. கெணத்துல இருந்த கங்கை கோவிச்சுக்கிட்டுக் காட்ட விட்டுப் போயிரக் கூடாதுன்னு, மூடுன மண்ணு மேல பூசாரி தகட்ட வச்சு, நாலு மூலைக்கும் ஆணி அடிச்சாரு. ஒங்க தாத்தாதான் சூடத்தப் பொருத்துனாரு. தகட்டு மேல மொத மண்ணு வீட்டு ஆம்பளப் பிள்ளை கையால விழணும்னாரு பூசாரி. எந் தம்பி எம் இடுப்புல இருந்தான். நாந்தான் குனிஞ்சு காட்டுனேன். இப்பிடியே சரிஞ்சு, ஒரு கை அள்ளி, அந்தத் தகட்டு மேல மொத மண்ணப் போட்டது ஒங்கப்பன்தான்யா.